பெயர் இருக்கிற பக்கம்

மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களுக்குப் பரிசு தரலாகாது. உல்லாசப் பயணம் ஏற்பாடு செய்யலாகாது. மாதிரி மருந்துகளைக்கூட ஒரு வரம்புக்குள், யாருக்கு எவ்வளவு என்ற கணக்கோடுதான் தர வேண்டும். நடுவண் அரசு இப்படியொரு நடத்தை நெறியை வகுத்து வெளியிட்ட பிறகு, எங்கள் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புதிதாகச் சேர்ந்த மருந்து ஆய்வாளர்கள் சிலர் மேலப்புதூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களில் ஓர் இளைஞர் கொஞ்சம் வேகமாகவே கேட்டார்.

“மேடம், ஏசி வாங்கிக் குடுத்தாங்க, ஃபாரின் கூட்டிட்டுப் போனாங்கன்னா அது தப்புன்னு புரியுது. சாம்பிள்ல என்ன மேடம் இருக்கு? அது ஏழைக்குத்தானே போய்ச் சேருது? அதுக்கும் எதுக்கு வரம்பு, கணக்கு எல்லாம்?”

நான் விடை சொன்னேன். நீளமாகவே சொன்னேன். விடைபெறும்போது, உடன் வந்திருந்த பெண் ஆய்வாளர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “எழுதிக் குடுத்துருங்க மேடம். நீங்க பேசுனா கேட்டுக்கிட்டே இருக்கலாம். ஆனா வீட்டுக்குப் போனப்புறம் உங்க குரல்தான் ஞாபகம் இருக்கு, விஷயம் நிக்க மாட்டேங்குது.”

பாராட்டின் உடையில் வந்த அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆகவே எழுதுகிறேன்.

பேச்சு எனக்குப் பழகிய கலை. கல்லூரி நாள்களில் ஒட்டியும் வெட்டியும் பேசி நான் வென்ற கோப்பைகளை, பொன்மலை ரயில் பணிமனையில் வேலை பார்த்த என் அப்பா, இடம் போதாமல் பீரோவின் தலையிலும் அடுக்கி வைத்திருந்தார். எந்தத் தலைப்பு, எந்தப் பக்கம் என்பது எனக்குப் பொருட்டே அல்ல. மணி அடிப்பதற்குள் அவையை என் வசமாக்கிவிட முடியும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை மறைக்கவும் நான் முயன்றதில்லை. அதன்பின் மருந்தியல் பட்டம், தேர்வாணையத் தேர்வு, பயிற்சி, வெளி மாவட்டங்களில் சில ஆண்டுகள். இவற்றை இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன். எல்லா ஆய்வாளர்களுக்கும் இந்தப் பகுதி ஏறத்தாழ ஒன்றுதான். திருச்சிக்கு மாறுதலாகி வந்து, உதவி இயக்குநர் அமீர்ஜானின் கீழ் பணியில் சேர்ந்த நாளிலிருந்துதான் என் கதை மற்றவர்களின் கதையிலிருந்து பிரிகிறது.

அமீர்ஜான் மெலிந்த மனிதர். சிகரெட்டை விட்டதிலிருந்து வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு கிடக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் ஒரு கொடிய பழக்கம் இருந்தது. ஆய்வாளர் எழுதிக் கொடுக்கும் அறிக்கையை, அந்த ஆய்வாளரின் முன்னாலேயே, ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று அறிவிக்கிற குரலில் உரக்க வாசிப்பார். நான் கொடுத்த முதல் அறிக்கையை அப்படித்தான் வாசித்தார். ‘விதிகளை அப்பட்டமாக மீறியும், மனிதநேயமற்ற முறையிலும்’ என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

“ஸ்டெல்லா, இந்த ‘அப்பட்டமாக’ எந்த அலமாரில இருந்துச்சு?”

“சார்?”

“இல்லம்மா, பாத்தததானே எழுதியிருக்கீங்க. இத எங்க பாத்தீங்கன்னு கேட்டேன். சரி விடுங்க. ‘மனிதநேயமற்ற’, இதுக்கு சாட்சிக் கையெழுத்து யாருகிட்ட வாங்கினீங்க?”

கோப்பு எடுக்க வந்த அலுவலக உதவியாளர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. எனக்குக் காது சுட்டது.

“எழுத்துக்கு நடையழகுன்னு ஒண்ணு வேணும் சார்.”

“வேணும்தாம்மா. ஆனா கோர்ட்ல எதிர்த்தரப்பு வக்கீல் மொதல்ல அதத்தான் புடிச்சு இழுப்பான். அது கையோட வந்துரும். பின்னாடியே கேஸும் வந்துரும்.”

இரண்டு விஷயங்களில் அவர் பிடிவாதக்காரர். முதலாவது, மாதிரி எடுக்கும் முறை. சந்தேகத்துக்குரிய ஒரு மருந்தை ஆய்வாளர் கடையிலிருந்து எடுக்கும்போது, அதற்குரிய விலையை நீட்ட வேண்டும். கடைக்காரரின் கண்ணெதிரே அதை நான்கு பங்காக்க வேண்டும். ஒவ்வொரு பங்கையும் உறையிலிட்டு, நூல் சுற்றி, அரக்கு உருக்கி, முத்திரை இட வேண்டும். ஒரு பங்கு கடைக்காரருக்கு, ஒன்று அரசு ஆய்வகத்துக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு, ஒன்று அந்த மருந்தைத் தயாரித்தவருக்கு. கடைக்காரர் விரும்பினால் தம் முத்திரையையும் பதிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. பெரும்பாலான ஆய்வாளர்கள் இதைக் கடைக்காரரிடம் சொல்வதே இல்லை. அமீர்ஜான் ஒவ்வொரு முறையும் சொல்வார். சொல்லிவிட்டு, அரக்கு ஆறுவதற்குள் அவர் முடிவெடுக்கும்படி காத்திருப்பார். நான்கில் எந்தப் பங்கு தமக்கு வேண்டும் என்பதையும் கடைக்காரரே கை வைத்துக் காட்ட வேண்டும். “நாளைக்கு அவரு நம்மள சந்தேகப்படறதுக்கு ஒரு எடம்கூட விடக்கூடாது” என்பார்.

இரண்டாவது, கடைக்குள் நுழைவதற்கு முன் வெளியே உட்காருவது. அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, எதிர்ப்புறம் ஒரு டீக்கடை பெஞ்சில் அமர்வார். யார் சீட்டோடு வருகிறார்கள், யார் சீட்டில்லாமல் வருகிறார்கள், யாருக்குக் கேட்டது கிடைக்கிறது, யாருக்கு வேறொன்று கிடைக்கிறது என்பதையெல்லாம் பார்த்தபடி டீயை ஆற வைத்துக் குடிப்பார். எனக்கு அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மேடையில் காத்திருப்பவர் அடுத்த பேச்சாளர். நானோ என்றும் முதல் பேச்சாளர்.

என் நாவின் மீது எனக்கிருந்த மதிப்பு அந்நாளில் குறைந்துவிடவில்லை. மருந்து வணிகர்கள் கூடிய ஒரு கூட்டத்தில், மருத்துவருக்கான மாதிரி மருந்துகள் கடைகளில் நுழைவதைப் பற்றி நான் ஆற்றிய உரைக்கு எழுந்த கைத்தட்டல் இன்றும் என் காதில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் தடித்த ஒரு கடைக்காரர் என்னிடம் வந்து கைகூப்பினார்.

“பிரமாதம் மேடம். என்னா வாய்ஸு! எங்க சம்பந்தி ஊர்ல கோயில் திருவிழா வருது. பட்டிமன்றத்துக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்காங்க. உங்க நம்பர் குடுக்கலாமுங்களா?”

அமீர்ஜான் எனக்கு முன்னால் படியிறங்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. ஆனால் கிராம்பைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

இனி அந்த வழக்கு.

ஒரு காலைப் பொழுதில் செல்வராணி என்ற பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலையில் வேலை. புருவத்திலும் காதோரத்திலும் தவிட்டுத் தூள் ஒட்டியிருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, நகத்தளவான இரண்டு அலுமினியத் துண்டுகளை என் மேசைமேல் வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரை. துண்டுகளின் ஓரங்கள் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தன. முன்னும் பின்னும் ஓர் எழுத்துக்கூட இல்லை.

“இது என்ன மாத்திரைன்னு பாத்துச் சொல்லணுங்கம்மா” என்றார்.

அவருடைய மகள் பவித்ரா பதினோராம் வகுப்பு படிக்கிறாள். வலிப்பு நோய். ஸ்ரீரங்கத்தில் ஒரு மருத்துவர் கட்டணம் வாங்காமல் பார்த்து வந்தார். அவர் ஒரு சிறு சீட்டில் கையெழுத்திட்டு அனுப்புவார். அவர் மருத்துவமனைக்குச் சில வீடுகள் தள்ளியிருந்த மருந்துக் கடையில் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு, மாத்திரைகளை இலவசமாகக் கொடுப்பார்கள். ஓராண்டுக்கும் மேலாக இப்படித்தான். முந்தின நாள் பள்ளியின் இறைவணக்கக் கூட்டத்தில் பவித்ரா வெட்டி இழுத்து விழுந்துவிட்டாள். அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்.

“அங்க டாக்டரம்மா கேட்டாங்க, என்ன மாத்திரை, எத்தன பவரு, எப்பலேர்ந்து சாப்புடுதுன்னு. இதக் காட்டுனேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இதுல ஒண்ணுமே இல்லியேம்மான்னாங்க. ஸ்ரீரங்கத்து டாக்டருக்குப் போன் போட்டு மருந்து பேரக் கேட்டுக்கிட்டாங்க. அப்புறம் சொன்னாங்க, ‘அவரு என்ன எழுதுனாருன்னு தெரிஞ்சிருச்சு. உன் பொண்ணு என்ன முழுங்குனான்னு தெரியலியே’ன்னு.” அவர் குரல் அதுவரை சீராக இருந்தது. “கொறச்சலாக் குடுத்துருந்தா கூட்டணுமாம். ஏற்கெனவே அதிகமாப் போயிருந்தா, இன்னும் கூட்டுனா புள்ள மயங்கிக் கெடந்துருமாம். தெரியாம நான் எதச் செய்யறதுன்னு கேக்கறாங்க. நான் என்னாங்க சொல்லட்டும்?”

அமீர்ஜான் அந்தத் துண்டுகளைக் கையில் எடுக்கவில்லை. மேசைமேல் குனிந்து பார்த்தார். “கத்திரிக்கோல் புதுசு” என்றார். எழுந்து, குடையை எடுத்துக்கொண்டார்.

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் அந்தக் கடைக்கு எதிரே, தேநீர் பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்தோம். கடையின் உரிமையாளர் சௌந்தரராஜன். பதிவு பெற்ற மருந்தாளுநரும் அவரே. துலங்கும் திருமண்ணும் வெள்ளைச் சட்டையுமாக, வருகிறவர் ஒவ்வொருவரையும் “வாங்கோ” என்று பெயர் சொல்லி அழைத்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. சீட்டு இல்லாமல் வந்த ஒருவருக்குத் தூக்க மாத்திரை தர மறுத்து, “டாக்டரண்ட போய்ட்டு வாங்கோ, பெருமாளே வந்து கேட்டாலும் தர மாட்டேன்” என்றுகூடச் சொன்னார். நான் மெல்ல, “சார், நல்ல கடையா இருக்கே” என்றேன்.

“காதக் குடுங்க” என்றார் அமீர்ஜான்.

நம் ஊரில் முழு அட்டை வாங்குவோர் குறைவு. இரண்டு கொடுங்கள், மூன்று கொடுங்கள் என்பார்கள். கடைக்காரர் அட்டையை எடுப்பார், கத்திரிக்கோல் நறுக்கென்று பேசும். அந்தக் கடையிலும் பேசிக்கொண்டே இருந்தது. ஆனால் சிறு சீட்டோடு சிலர் வந்தார்கள். அவர்களுக்குச் சௌந்தரராஜன் மேசைக்குக் கீழே குனிந்து எதையோ எடுத்துக் கொடுத்தார். அவர்கள் வாங்கிப் போனார்கள். அந்த வேளைகளில் மட்டும் கத்திரிக்கோலின் ஓசை எழவில்லை. கேட்பவர் வருவதற்கு முன்பே வெட்டி வைக்கப்பட்ட மாத்திரைகள் அவை.

உள்ளே போனோம். அடையாள அட்டையைக் காட்டினோம். மேசைக்கடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. திறந்ததும், நகத்தளவான அலுமினியத் துண்டுகள் குவியலாக வெளிச்சத்தில் மின்னின.

சௌந்தரராஜன் எதையும் மறுக்கவில்லை. அவருடைய வெளிப்படைத்தன்மைதான் என்னைத் தடுமாற வைத்தது. மருத்துவருக்கு நிறுவனப் பிரதிநிதிகள் தருகிற மாதிரி மருந்துகள் அவை. மருத்துவரின் மேசை கொள்ளாமல் போகவே, இவர் கடையில் வைத்து, இல்லாதவர்களுக்குக் கொடுக்கும்படி ஏற்பாடு. ஒரு பைசா வாங்கியதில்லை. பெருமாள் சந்நிதியில் வந்து சத்தியம் செய்யத் தயார்.

“அப்புறம் ஏன் வெட்டினீங்க?” என்றேன்.

“அந்த ஓரத்துலதானே மேடம், ‘மருத்துவருக்கான மாதிரி, விற்பனைக்கல்ல’ன்னு அச்சடிச்சிருக்கான்? அந்த எழுத்து கடைல இருக்கப்படாது, பாத்தா லைசென்ஸ் போய்டும்னு சங்கத்துல எல்லாரும் சொன்னா. நான் விக்கலையே, தானமான்னா குடுக்கறேன்? அதான் அந்த வரிய மட்டும் நறுக்கிப்பிட்டேன்.”

அந்த வரியை மட்டும். ஆனால் மருந்தின் பெயரும், அதன் வீரியமும், காலாவதித் தேதியும் அச்சாகியிருந்தது அதே ஓரத்தில்தான். சட்டத்துக்கு அஞ்சி அவர் வெட்டிய அந்தச் சிறு கீற்றில், சட்டம் எதைக் காப்பதற்காக இருக்கிறதோ அது முழுவதும் போய்விட்டது. விற்பனைக்கல்ல என்ற சொற்களோடு ஒரு முழு அட்டை அங்கே கிடைத்திருந்தால் அது விதிமீறல்தான்; ஆயினும் பவித்ராவின் மருத்துவருக்கு விடை கிடைத்திருக்கும். தானம் தன் தூய்மையைக் காட்டுவதற்காகத் தன் முகத்தையே அழித்துக்கொண்டு நின்றது.

“இதுல எத்தன வகை மாத்திரை இருக்கு?” என்று அமீர்ஜான் கேட்டார்.

“வலிப்பு மாத்திரை ஒண்ணுதான் சார். ஒரே கம்பெனி.”

“ஒரே பவரா?”

சௌந்தரராஜன் டப்பாவைப் பார்த்தார். அவர் முகத்தில் அந்தக் கணம் ஏற்பட்ட மாறுதலை நான் எழுதப் போவதில்லை. என் மேலதிகாரி அதற்குச் சாட்சிக் கையெழுத்து கேட்பார்.

மாதிரி எடுத்தோம். விலை நீட்டினோம். “இதுக்கு வெலையே கெடையாதே சார்” என்றார். “சரி, விலை சொல்ல மறுத்தார்னு எழுதாம, விலை இல்லைன்னு சொன்னார்னு எழுதிக்கறோம்” என்றார் அமீர்ஜான். மருந்தின் பெயர் என்ற இடம் வந்தபோது என் பேனா நின்றது. மருத்துவர் தொலைபேசியில் சொன்ன பெயரை எழுதலாமா என்று கேட்டேன்.

“அது கேள்விப்பட்டதும்மா. அட்டைல இருந்தாத்தான் பேரு. தெரியலன்னு எழுதுங்க.”

பணிக்காலம் முழுவதிலும் அப்படியொரு வரியை நான் எழுதியது அந்த ஒருமுறைதான்: ‘பெயர் அறியப்படாத வெள்ளை மாத்திரைகள், தனித்தனியாக நறுக்கப்பட்டவை.’ நான்கு பங்கு. நூல், அரக்கு, முத்திரை. சௌந்தரராஜன் தம் முத்திரையையும் பதிக்க விரும்பினார். சங்கும் சக்கரமும் பொறித்த அவருடைய சிறு முத்திரை, எங்கள் துறையின் முத்திரைக்குப் பக்கத்தில் நேராக விழுந்தது.

அங்கிருந்து மருத்துவரிடம் நடந்தோம். அவர் எழுபதைக் கடந்தவர். காத்திருப்போர் அறையில், தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் இளம் மருந்துப் பிரதிநிதி அமர்ந்திருந்தார். டப்பாவில் இருந்தது அவருடைய நிறுவனத்தின் மருந்துதான். அமீர்ஜான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இயல்பாகப் பேச்சுக் கொடுத்தார்.

“சாம்பிள் நெறைய குடுக்கறீங்களோ தம்பி?”

“சார் எழுதுனா நான் குடுப்பேன் சார். நான் குடுத்தா அவரு எழுதுவாரு. எது மொதல்ல ஆரம்பிச்சுதுன்னு எனக்கே மறந்துபோச்சு.” சிரித்தார். நாங்கள் யார் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. இரண்டு வீரியங்களிலும் மாதிரி கொடுத்ததாகவும், அந்தந்த மாதம் எது மிஞ்சுகிறதோ அதைக் கொண்டுவந்து இறக்கியதாகவும் சொன்னார். இரண்டும் ஒரே நிறம், ஒரே வடிவம், ஒரே அளவு.

மருத்துவர் எங்களைக் கண்டதும் கொதித்தார். “நாப்பது வருஷமா இந்த வீதில பீஸ் வாங்காம வைத்தியம் பாக்கறேன். எனக்கு நீங்க விளக்கம் கேட்டு வரீங்களா? குடுக்கறதும் குத்தமா?” என்றார். என்னிடம் விடைகள் அணிவகுத்து நின்றன. ஈகைக்கும் விளம்பரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி நான் பேசத் தொடங்கியிருந்தால், அந்த அறையில் எவரும் அதை மறந்திருக்க முடியாது. நான் மூச்சை இழுத்தபோது, அமீர்ஜான் செல்வராணி கொடுத்த இரண்டு துண்டுகளையும் மேசைக் கண்ணாடியின்மேல் அடுத்தடுத்து வைத்தார்.

“டாக்டர், இதுல நீங்க அந்தப் பொண்ணுக்கு எழுதுனது எது?”

மருத்துவர் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். மற்றொன்றை எடுத்தார். திரும்ப முதலாவதை எடுத்தார். வெளியே ஒரு குழந்தை அழுதது, யாரோ அதட்டினார்கள். பிறகு இரண்டையும் முன்பு இருந்த இடத்திலேயே வைத்தார்.

“என்னால சொல்ல முடியல” என்றார். “அந்தக் குழந்தை எந்த வார்டுல இருக்கா? நான் வந்து அந்த டாக்டர்கிட்டப் பேசறேன். இதையும் எழுதிக்கோங்க. எங்க கையெழுத்துப் போடணும்?”

ஆய்வக முடிவு வரும்வரை பவித்ரா காத்திருக்க முடியாது. அரசு மருத்துவமனை மருத்துவர் அவளை வார்டிலேயே வைத்து, கண்காணிப்பில், வீரியம் தெரிந்த மருந்தைக் கீழளவிலிருந்து புதிதாகத் தொடங்கினார். அந்த நாள்களில் அவளுக்கு மீண்டும் வலிப்பு வந்தது, படிப்படியாக நின்றது. ஆய்வகத்தின் முடிவு பின்னர் வந்தது. டப்பாவில் இருந்தவை முழு வீரியமும் அரை வீரியமும் கலந்தவை. செல்வராணியின் முடிச்சில் வந்த இரண்டு துண்டுகளில்கூட, ஒன்று ஒரு வகை, மற்றது மறு வகை. பவித்ரா ஓராண்டு முழுவதும் ஒருநாள் முழுமையும் ஒருநாள் பாதியுமாக விழுங்கியிருக்கிறாள்.

உரிமத்தை ஏன் நிறுத்தி வைக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டு, சௌந்தரராஜனை நேரில் அழைத்தார் அமீர்ஜான். அவரோடு வீதியே வந்தது. அவர்களில் ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர் எழுந்து பேசினார். என்ன பேச்சு! “மழைக்கு யாரும் உரிமம் கேட்பதில்லை, இவர் கைக்கு ஏன் கேட்கிறீர்கள்? கொடுக்கிற கையைக் கட்டிப்போடவா சட்டம்?” என்று அவர் முடித்தபோது, நடுவர் இருக்கையில் நான் அமர்ந்திருந்தால் முதல் பரிசை அவருக்கே கொடுத்திருப்பேன். மறுத்துப் பேச எனக்கும் வாய் துறுதுறுத்தது. எனக்குப் பேச வாய்ப்புத் தரப்படவில்லை. புகார் கொடுத்தவரை இத்தகைய விசாரணையில் அமர்த்தும் வழக்கம் எங்களிடம் இல்லை. அன்று அமீர்ஜான் செல்வராணியை ஒரு நாற்காலியில் அமர்த்தியிருந்தார். அவரிடம் திரும்பி, “நீங்க ஏதும் சொல்லணுமாம்மா?” என்றார்.

செல்வராணி எழுந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“இவுரு நல்லவருங்க. பஸ்ஸுக்குக் காசு இல்லாதப்ப இவுருதான் குடுத்தனுப்புனாரு. இல்லேன்னு சொன்னா எம்நாக்கு அழுகிரும். டாக்டரும் நல்லவருங்க.” நிறுத்தினார். “ஆனா ஆஸ்பத்திரில எம்பொண்ணு என்ன சாப்டுச்சுன்னு கேட்டப்ப, பெத்தவ நான் முழிச்சுக்கிட்டு நின்னேன். குடுத்தவருக்கும் தெரியல. எழுதுனவருக்கும் தெரியல. சும்மா குடுத்தாங்கங்கறதுக்காக, என்ன குடுத்தீங்கன்னு கேக்கக் கூடாதாங்க?”

என்னைப் பார்த்து அந்த இளம் ஆய்வாளர் கேட்ட கேள்விக்கு, என்னிடம் இதைவிட நல்ல விடை இல்லை. செல்வராணியின் மொழியில் அணி இல்லை, அடுக்கு இல்லை. சௌந்தரராஜன்தான் முதலில் பேசினார்.

“அவ கேக்கறது நியாயம் சார். நிறுத்தி வையுங்கோ. அறிவிப்ப என்கிட்டக் குடுங்கோ, நானே ஒட்டிக்கறேன்.”

சில வாரங்களுக்கு உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. கடைக் கதவில் அறிவிப்பை அவரே ஒட்டினார். மருத்துவர்மீது நடவடிக்கை எடுக்க எங்கள் துறைக்கு அதிகாரம் இல்லை. மருத்துவ மன்றத்துக்கு எழுதினோம். அவர் பிறகு மாதிரி மருந்து வாங்கினாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுத மாட்டேன். நிறுவனத்துக்கு எங்களால் அனுப்ப முடிந்தது ஒரு விளக்கக் கேள்வி மட்டுமே. அந்த இடத்தில் அன்று சட்டத்தில் ஓர் இடைவெளி இருந்தது. யாருக்கு, எவ்வளவு, எந்த மருந்து என்று எழுதி வைக்கச் சொல்லும் இன்றைய நெறி அந்த இடைவெளியை முழுதும் அடைக்குமா என்று என்னைக் கேட்டால், அது நெறி. அதைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் உட்காருகிற ஆள்கள்தாம் அதற்குக் கை, கால், காது என்பேன்.

அடுத்த ஆண்டு, மண்ணச்சநல்லூர் கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடைக்கு எதிரே நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அமீர்ஜான் அதற்குள் பணி ஓய்வு பெற்றுவிட்டார். பழக்கம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. மாலை நேரம். ஆலை விட்டு வந்தவர்களின் கூட்டம். அவர்களுக்கு நடுவே, வார்டில் நான் முன்பு கண்டிருந்த பவித்ரா பள்ளிச் சீருடையில் நின்றாள். மருத்துவமனையில் மாத்திரை இருப்பு இல்லாத வாரம் போலிருக்கிறது. என்னை அவள் பார்க்கவில்லை.

சில நாள்களுக்கான மாத்திரை கேட்டாள். கடைக்காரர் அட்டையை எடுத்தார், கத்திரிக்கோல் பேசியது. துண்டை வாங்கி, அவள் புரட்டிப் பார்த்தாள். மீண்டும் மேசைமேல் வைத்தாள்.

“பேரு இருக்கற பக்கமா குடுங்கண்ணே. பவரும் தேதியும் இருக்கணும்.”

“எல்லாம் ஒரே அட்டைதாம்மா.”

“அது உங்களுக்குத் தெரியுதுண்ணே. எனக்குத் தெரிய வேணாமா?”

பின்னால் நின்ற ஒரு மனிதருக்குப் பொறுக்கவில்லை. “ஏம்மா, பஸ்ஸு வந்துரும். மாத்திரையத் திங்கப் போறியா, படிக்கப் போறியா?”

பவித்ரா திரும்பினாள். “ரெண்டும்தாண்ணே.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கடைக்காரர் முனகிக்கொண்டே அட்டையை மறுமுனையிலிருந்து வெட்டிக் கொடுத்தார். அவள் பெயரை வாசித்து, வீரியத்தை வாசித்து, தேதியை வாசித்து, பையில் வைத்துக்கொண்டு, பேருந்து நிலையத்தை நோக்கி ஓடினாள். அடுத்து நின்ற அந்த மனிதர் தமக்குரிய மாத்திரைகளை வாங்கிச் சட்டைப்பையில் போட்டார். இரண்டடி நடந்தார். நின்றார். வெளியே எடுத்து, விளக்கின் கீழே பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு கடைக்குத் திரும்பிப் போனார்.